கையெழுத்து மேற்பார்வை ஆகாது

அமெரிக்கப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி உதவியாளர்களுக்கென ஓர் இடம் உருவாகிவிட்டது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2020-இல் அவர்களுக்குத் தனிச் சான்றிதழே கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் குறை என்ன என்று கண்டறிவதும், பயிற்சித் திட்டத்தை மாற்றுவதும் பேச்சு, மொழி நிபுணரின் பொறுப்பு. ஆள் பற்றாக்குறையைக் காட்டி இருவருக்கும் இடையிலான அந்த எல்லைக்கோட்டை அழிக்கக் கூடாது. ‘ரேபிட்’ என்பதை ‘வேபிட்’ என்று சொல்லும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். உதவியாளர் முயல் படத்தைக் காட்டுகிறார், இருபது முறை சொல்ல வைக்கிறார், சரி, தவறு என்று தாளில் குறிக்கிறார். மூன்று வாரமாகியும் சரிகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை. நாக்கு உரிய இடத்துக்குப் போகவில்லையா, இரண்டு ஒலிகளுக்கும் உள்ள வேறுபாடே காதில் படவில்லையா? தாளில் உள்ள குறிகள் இதைச் சொல்லாது. நிபுணர் அந்தத் தாளில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாயசைவைப் பார்த்தாக வேண்டும்.

நிபுணர் அப்படி உட்காரும் நேரத்தில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குப் பயிற்சி தரலாமே என்பார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளும்போது இது நியாயமான கவலைதான். ஆனால் தவறான ஒலியையே வாரக்கணக்கில் பழக்கிவிட்டால், பிறகு அதைத் திருத்த ஆகும் நேரம் யார் கணக்கில் சேரும்? அனுபவமுள்ள உதவியாளரைக் கண்காணிப்பது அவமதிப்பு என்ற வாதமும் உண்டு. விடை தெரியாத கேள்வியோடு அவரைத் தனியே விடுவதைத்தான் நான் அவமதிப்பு என்பேன். மேற்பார்வைக்கான மணிநேரங்களைப் பள்ளி நிர்வாகங்கள் நிபுணரின் வேலை அட்டவணையிலேயே ஒதுக்கட்டும்.