வாப்பாவின் மாத்திரைக்கு ஒரு கடிகாரம்

 

தேநீர்க் குவளையைப் பற்றிய கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்க நெடுநேரம் ஆகிறது. நடை சிறு சிறு அடிகளாகச் சுருங்கிவிட்டது. முகத்தில் முன்பிருந்த மலர்ச்சி இல்லை. இவற்றையெல்லாம் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அவ்வாறு விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இது பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் என்று அறிந்து, மாத்திரையும் வாங்கி வந்துவிட்ட குடும்பங்களுக்காகவே இம்மாதம் இப்பக்கம். இந்நோயில் மருந்தை வாங்குவது பாதி வேலைதான். அதை நேரம் தவறாமல், முறை தவறாமல் கொடுப்பது மறுபாதி.

1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்து எழுதினார். மூளையின் ஒரு சிறு பகுதியில் டோபமைன் என்னும் பொருளைத் தயாரிக்கும் அணுக்கள் மெல்ல மெல்ல அழிந்துபோவதே இதற்குக் காரணம். நம் அசைவுகளைச் சீராக நடத்துவதில் அப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனை நேரே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. அதன் மூலப் பொருளாகிய லெவோடோபா புகும். 1961-இல் வியன்னா நகரில் அது நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர், வாய்வழியே சிறுகச் சிறுக அளவை உயர்த்திக் கொடுத்து நற்பலன் கண்டார். போகும் வழியிலேயே அது மாறிவிடாமல் காப்பதற்குக் கார்பிடோபா என்ற துணை மருந்து சேர்க்கப்படுகிறது. இன்றும் இக்கூட்டு மருந்தே முதன்மையானது. இது நோயை வேரறுப்பதில்லை. இழந்த அசைவைச் சில மணி நேரத்திற்கு மீட்டுத் தருகிறது.

அந்தச் ‘சில மணி நேரம்’ என்பதில்தான் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. உட்கொண்ட லெவோடோபா இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோயின் தொடக்கத்தில் மூளை தன் இருப்பைக் கொண்டு இதனை ஈடுசெய்துகொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இருப்பு கரைந்து, அடுத்த மாத்திரைக்கு முன்பே உடல் இறுகத் தொடங்கிவிடும். எனவே ‘காலை, மதியம், இரவு’ என்ற பொதுக் கணக்கு இங்கு உதவாது. மருத்துவர் எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிதான். கடிகாரத்திலோ கைப்பேசியிலோ மணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால், அதற்காக அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுத்துவிடலாகாது.

அடுத்தது உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதமும் இம்மருந்தும் குடலிலும் மூளையின் வாயிலிலும் ஒரே வழியாகவே உள்ளே செல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் மருந்து பின்தங்கிவிடும். விருந்து நாளில் பிரியாணியும் மாத்திரையும் சேர்ந்தே உள்ளே சென்றபின், ‘இன்று மருந்து வேலை செய்யவில்லை’ என்று வாப்பா சொன்னால், குறை மாத்திரையில் இல்லை. உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ கொடுப்பது பொதுவான முறை. குமட்டல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ உடன் கொடுக்கலாம். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள். முதியவரின் உடல் மெலிந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இதனுடன் சேர்க்காமல் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுங்கள்.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய ஒரு செய்தி. ரமழான் வந்துவிட்டால், அறுபது ஆண்டுகளாக ஒரு நோன்பையும் விடாத பெரியவர், ‘ஸஹரில் ஒன்று, இஃப்தாரில் ஒன்று போதும்’ என்று தாமாகவே முடிவு செய்துகொள்கிறார். பிள்ளைகளும் அவர் மனம் நோகுமே என்று வாய் திறப்பதில்லை. நம் நாட்டில் நோன்பின் நேரம் சுமார் 13, 14 மணி. நாளொன்றுக்கு நான்கைந்து வேளை மருந்து உட்கொள்பவருக்கு அந்த இடைவெளி சிறிதன்று. இம்மருந்தைத் திடீரென நிறுத்துவதாலோ பெருமளவு குறைப்பதாலோ உடல் கட்டைபோல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். விழுங்குதல் தடைப்படலாம், விழுந்து எலும்பு முறியலாம்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பது ஈமானில் குறையன்று. நலம் பெற்று மீண்டும் நோன்பு நோற்கும் நம்பிக்கையில்லாதவர் ஃபித்யா கொடுப்பதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிம் விளக்கிச் சொல்வார். நோயின் தொடக்க நிலையிலுள்ள சிலருக்கு மருத்துவர் வேறு ஏற்பாடு செய்து தரவும் கூடும். ஆனால் ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே அவரிடம் கேட்க வேண்டும். தாமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு எவருக்கும் வேண்டா.

வேறு நோய்க்காக வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, இம்மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். வாந்தியை நிறுத்தச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைடு, மனக் குழப்பத்திற்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்றவை டோபமைனின் வேலையைத் தடுத்து நடுக்குவாதத்தை மோசமாக்கும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. ‘நாட்டு மருந்துதானே’ என்று அதன் பொடியையும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு மிகுந்துவிடும். மருத்துவர் அறியாமல் அது கூடாது.

மாத்திரை அட்டையிலுள்ள எண்ணையும் பாருங்கள். 110 என்றிருந்தால் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மில்லிகிராம். 275 என்றால் 250-உம் 25-உம். கடையில் ஒன்றிற்குப் பதில் மற்றொன்று வந்துவிட்டால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கலாகாது. ஒரு வாரத்திற்குரிய இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்பவர் மருந்தையும் மருத்துவர் சீட்டையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

சிறுநீரும் வியர்வையும் சற்றுக் கருஞ்சிவப்பாகத் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. அது இம்மருந்தின் இயல்பு. ஆனால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதுண்டு. ஸுஜூதிலிருந்து எழுகையில் தடுமாறுபவர் நாற்காலியில் அமர்ந்து தொழட்டும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, கைகால்கள் தாமாக நெளிவது ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சேர்க்கப்பட்டிருந்தால் மேலும் விழிப்பு தேவை. பகலில் திடீரென உறக்கம் ஆட்கொள்ளலாம். வண்டி ஓட்டுவது ஆபத்து. சிக்கனமாக வாழ்ந்தவர் கண்டபடி செலவு செய்வதும், சூதில் நாட்டம் கொள்வதும்கூட இம்மருந்துகளால் நேர்வதுண்டு. அப்போது அவர் குணத்தைப் பழிக்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அவரே அளவைச் சிறுகச் சிறுகக் குறைப்பார்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984-இல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின் தீபத்தை அவர் நடுங்கும் கையால் ஏற்றியதை உலகமே பார்த்தது. 2016 வரை அவர் வாழ்ந்தார். நடுக்குவாதம் என்றதும் வாழ்வு முடிந்துவிட்டதாக எவரும் கலங்க வேண்டா.

நாம் நடை பழகிய நாளில் நம் விரலைப் பற்றியவர்கள் நம் பெற்றோர். இன்று அவர்கள் நடை தளர்ந்திருக்கும்போது நாம் செய்யக்கூடிய பணிவிடைகளுள் ஒன்று, சொன்ன நேரத்தில் ஒரு மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டுவது. அடுத்த வேளைக்கான நேரத்தை இன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வஸ்ஸலாம்.