எழுதிப் பார், டாக்டரம்மா

என் தங்கையின் பேத்தி மதுரையில் எம்.எஸ். மகப்பேறு மூன்றாம் ஆண்டு. தேர்வு நெருங்குகிறது. நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். போன ஞாயிறு வந்தவளிடம், "பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு பற்றி எழுதிக் காட்டும்மா" என்றேன். வார்டில் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். அரைப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

"எல்லாம் தெரியுது தாத்தா, எதுல ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதுநிலை நீட் தேர்வில் 200 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். தொட்டே பழகிய விரல்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, எங்கள் முசியே முதல் கால் மணி நேரம் விடைத்தாளைத் தொடவே விடமாட்டார். "முதலில் பிளான் போடு" என்பார். அவளையும் போடச் சொன்னேன். 500 மில்லி என்ற வரையறை. கருப்பை சுருங்காமை, கிழிசல், தங்கிய நஞ்சு, ரத்தம் உறையாமை என நான்கு காரணங்கள். பிறகு செய்ய வேண்டியவை, வரிசையாக. பத்து நிமிடத்தில் எலும்புக்கூடு தயார்.

கட்டுரைத் தாளே வேண்டாம், இதையும் டிக் அடிக்கிற தேர்வாக்கலாம் என்கிறாள். எனக்குச் சம்மதமில்லை. முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். என் குறிப்பு குழப்பமாக இருந்தால் ஒருவர் பென்ஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இரவு டூட்டி டாக்டர் எழுதிய கேஸ் ஷீட் காலையில் வருகிறவருக்குப் புரியாவிட்டால்?

ஆனால், இரவெல்லாம் பிரசவ வார்டில் நின்றவளிடம் "உட்கார்ந்து எழுது" என்பதும் நியாயமில்லை. தேர்வுக்கு முன் மூன்று வாரமாவது இரவு டூட்டி இல்லாமல் விட வேண்டும்.

இப்போது தினம் ஒரு விடை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். கையெழுத்து மட்டும் இன்னும் டாக்டர் கையெழுத்துதான்.