ஒரு பக்கெற் புழு போதும்

ஜூன் மாதம் நெருங்கினால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழும்பும். பிள்ளை வகுப்பில் ஆரோ சொல்லக் கேட்டிருக்கும், இல்லாட்டி யூரியூப்பில் பார்த்திருக்கும். "அப்பா, நாங்களும் பாஸ் பிடிக்கப் போவமா?"

சரி என்று கடைக்குப் போனால் அங்கே ஒரு சுவர் முழுக்க லூர் தொங்கும். தவளை மாதிரி ஒன்று, குஞ்சு மீன் மாதிரி ஒன்று, தகடு சுழலுறது ஒன்று, பாவாடை கட்டினது ஒன்று. எதை எடுக்கிறது என்று தெரியாமல், எல்லாம் கலந்து அடைத்த பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவம். ஏரிக்கரையில் அஞ்சு தரம் எறியும் பிள்ளை. கடிக்காது. "இதை மாத்துங்கோ." இன்னும் அஞ்சு தரம். "அந்த மஞ்சளைப் போடுங்கோ." மத்தியானம் வரைக்கும் நீங்கள் முடிச்சுப் போடுவீங்கள், பிள்ளை சிப்ஸ் சாப்பிடும். வீட்டுக்கு வரேக்க "ஃபிஷிங் போர்" என்ற தீர்ப்பும் கூட வரும்.

இந்த மாதம் எழுத வந்தது அதைப் பற்றித்தான். முதல் கோடைக்கு ஒரே ஒரு லூரைத் தெரிவு செய்யுங்கோ. மிச்சத்தைக் கடையிலேயே விட்டிட்டு வாங்கோ.

ஒன்று போதுமா?

1932 ஜூன் 2ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் மொன்ற்கோமரி ஏரியில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி ஒரு பெரியவாய் பாஸ் பிடித்தார். நிறை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். கூடப் போன நண்பரும் அவரும் ஒரே ஒரு லூரைத்தான் மாறி மாறி எறிந்தார்கள் என்பது அந்தக் கதையோடு எப்போதும் சொல்லப்படும் விசயம். மீன் வீட்டாருக்குச் சாப்பாடாகிவிட்டது. சாதனை மட்டும் நின்றது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் உயிர் மீனை இரையாகப் போட்டு அதற்குச் சமமான ஒன்றைப் பிடித்தார். இரண்டு பேரும் இன்றைக்கும் அந்தச் சாதனையைப் பங்குபோடுகிறார்கள்.

ஒரு லூர் இருந்தால் உலக சாதனை வரும் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்தது ஒன்று என்பதால் அவர்கள் அதை மாற்றிக்கொண்டு நேரம் போக்கவில்லை. லூர் தண்ணிக்குள்ள இருந்தது.

பழகின ஆக்கள் எல்லாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். "இதைப் போட்டா எனக்கு நம்பிக்கை" என்பார்கள். அந்த நம்பிக்கையில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே லூரை நூறு தரம் எறிந்தால், அது பாசியில் மாட்டும்போது கை எப்படி உணரும், கல்லில் தட்டும்போது எப்படி, மீன் வாயில் எடுக்கும்போது எப்படி என்று விரலுக்குத் தெரிய வரும். பத்து லூரைப் பத்துப் பத்துத் தரம் எறிந்தால் ஒன்றும் தெரிய வராது.

என் தெரிவு

5 அங்குல மென் பிளாஸ்ரிக் புழு. நிறம் கிறீன் பம்கின், அதாவது கரும்புள்ளி போட்ட பச்சையும் மண்ணிறமும் கலந்தது. அதன் நடுவில் ஒரு கொக்கி. ஈயம் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. நடுவில் குத்துற இந்த முறைக்கு வாக்கி றிக் என்று பெயர்.

இந்த வகைப் புழுவைப் பிரபலமாக்கியவர் கேரி யமமோட்டோ. 1990களில் வந்த அவருடைய செங்கோதான் முதலில் பேர் எடுத்தது. இப்போது பல நிறுவனங்கள் அதே மாதிரிச் செய்கின்றன. பார்க்க ஒரு பேனை மாதிரி, ஒரு அழகும் இல்லை. அப்பப்பா பார்த்தால் "உதிலயோ மீன் கடிக்கப் போகுது?" என்று சிரிப்பார். ஆனால் பிளாஸ்ரிக்கில் உப்புச் சேர்த்திருப்பதால் அது தானாகவே தாழும். தாழும்போது இரண்டு முனையும் மெல்ல நடுங்கும். பாஸ் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் எடுக்கும்.

நடுக்கம் ஏன் மீனை இழுக்கிறது? பின்லாந்தில் லவ்ரி ரப்பலா என்ற மீனவர் 1930களில் இதைக் கவனித்தார். கூட்டமாகப் போகும் சிறு மீன்களில் கொஞ்சம் தடுமாறி நீந்துவதைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது. அவர் 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்லேற் சுற்றி வரும் ஈயத்தாளை ஒட்டி, அதே தடுமாற்றத்தோடு நீந்தும் லூரைச் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் ரப்பலா அப்படித் தொடங்கியதுதான்.

நல்ல லூர் எத்தனையோ இருக்க, பிள்ளைக்கு இந்தப் புழுவை ஏன் சொல்கிறேன்? மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன்.

முதலாவது, எத்தனை கொக்கி? குஞ்சு மீன் போலச் செய்த பல லூர்களில் மும்முனைக் கொக்கி இரண்டு தொங்கும். துள்ளுற மீனும் ஏழு வயசுக் கையும் ஆறு முனையும் ஒரே இடத்தில் இருக்கிறதை நினைச்சுப் பாருங்கோ. புழுவில் ஒரு முனைதான்.

இரண்டாவது, எங்கே நின்று எறியப் போறீங்கள்? படகு இல்லாத குடும்பம் என்றால் கரையும் டொக்கும்தான். ரைஸ் லேக், ஸ்கூகொக் மாதிரி ஆழம் குறைந்த, நீர்ச்செடி நிறைந்த ஏரிகளில் பெரியவாய் பாஸ் கரைக்குக் கிட்டவே டொக்கின் நிழலிலும் செடியின் ஓரத்திலும் நிற்கும். புழுவை அங்கே சத்தமில்லாமல் இறக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளை பிழையாகச் செய்தாலும் லூர் வேலை செய்யுமா? சுழல் தகட்டைச் சரியான வேகத்தில் இழுக்க வேணும். மிதக்கும் தவளையைச் சரியான நேரத்தில் நிறுத்த வேணும். புழுவுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பிள்ளை வாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் அது தாழ்ந்துகொண்டே இருக்கும்.

அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கு

பிள்ளை வாத்தைப் பார்க்கும் அந்த நேரத்தில் பாஸ் புழுவை எடுத்து உள்ளே விழுங்கிவிடலாம். கொக்கி தொண்டைக்குள் இறங்கினால், திரும்பத் தண்ணியில் விட்டாலும் அந்த மீன் பிழைப்பது சந்தேகம். இந்தப் புழுவின் பெரிய குறை இதுதான். அதனால் லூரோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் பழக்க வேணும்.

எறிந்தவுடன் பிள்ளை சத்தமாக எண்ண வேணும். தமிழில் எண்ணச் சொல்லுங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று பதினைஞ்சு மட்டும். கண் நூலில் இருக்க வேணும். (எங்கட அம்மா அப்பா தங்கூசி என்று சொல்லுற நைலோன் நூல்தான்.) நூல் பக்கவாட்டில் நகர்ந்தாலும், திடீரென்று துள்ளினாலும், தாழ வேண்டிய நேரத்துக்கு முன்பே தளர்ந்தாலும் மீன் எடுத்துவிட்டது என்று அர்த்தம். உடனே தளர்வைச் சுற்றி எடுத்து, கம்பை மேலே தூக்க வேணும். ஒன்றும் நடக்கவில்லையா? பதினைஞ்சில் கம்பை ஒரு அடி உயர்த்தி, திரும்பத் தாழ விடட்டும். பிறகு ஒண்டிலிருந்து.

என் மகளுக்குப் பதினொன்றுக்குப் பிறகு எப்போதும் தடுமாற்றம். தமிழ்ப் பள்ளியில் ஒரு வருசம் வராத வரிசை, டொக்கில் இரண்டு சனிக்கிழமையில் வந்தது. அது தனிக் கதை. இங்கே விசயம், எண்ணுற பிள்ளையின் கண் நூலை விட்டுப் போகாது. மீன் உதட்டில் மாட்டும், தொண்டையில் மாட்டாது.

கொக்கியின் உள்முள்ளைக் குறட்டால் நசுக்கி விடுங்கோ. கழற்றுவது சுலபம், மீனில் இருந்தும் சரி, விரலில் இருந்தும் சரி. ஆழமாக விழுங்கியிருந்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், நூலைக் கிட்ட வெட்டி விடுங்கோ.

வாங்க வேண்டியவை

புழு ஒரு பக்கெற். 1/0 அல்லது 2/0 அளவு கொக்கி ஒரு பக்கெற். புழுவின் நடுவில் போட சின்ன றப்பர் வளையங்கள். கொக்கியைப் புழுவில் குத்தாமல் வளையத்துக்குள்ளால் விட்டால் புழு சீக்கிரம் கிழியாது. 8 அல்லது 10 இறாத்தல் நூல். ஆறு அடி அளவு ஸ்பின்னிங் றொட். நீள மூக்குக் குறடு. தொப்பி, கண்ணாடி, உயிர்காப்பு அங்கி. எறிய முதல் பின்னுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கத்துக்குக் காசு தேவையில்லை.

ஈயம் தேவைப்படாதது இன்னொரு நன்மை. லூன் பறவைகள் ஈயக் குண்டை விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் சாமான் தடை. கிழிந்த புழுவைத் தண்ணியில் எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவாங்கோ. அதுவும் பிளாஸ்ரிக்தான்.

எப்போது மாற்றலாம்?

செடி மிக அடர்த்தியாக இருந்து ஒவ்வொரு தரமும் மாட்டினால், அதே புழுவைக் கழற்றி ஒரு முனையில் கோர்த்து, கொக்கி முனையைப் புழுவுக்குள் மறைத்து எறியுங்கோ. இது ரெக்சஸ் றிக். லூர் மாறவில்லை, கோர்க்கிற விதம்தான் மாறுது. தண்ணி கலங்கியிருந்தால் கறுப்பு, கருநீலம் நன்றாக எடுபடும். காற்று பலமாக அடித்தால் பாரமில்லாத புழுவை எறிவது கஷ்டம், காற்று மறைவான கரைக்குப் போங்கோ.

நீங்கள் போவது சிம்கோ ஏரி மாதிரித் தெளிந்த தண்ணியும் கல்லும் உள்ள இடம் என்றால், அங்கே நிற்பது பெரும்பாலும் சிறுவாய் பாஸ். வாயின் மூலை கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும், உடம்பில் நிலைக்குத்தான கோடுகள் இருக்கும். பெரியவாய்க்கு வாய் கண்ணையும் தாண்டிப் போகும். சிறுவாய்க்குக் கல்லடியில் இழுக்கும் ரியூப் இன்னும் பொருத்தம். ஆனால் அதை இரண்டாவது கோடைக்கு வையுங்கோ.

மே மாதத்தில் வேண்டாம்

மே 24 லோங் வீக்கெண்டில் கரையோரம் பெரிய பாஸ் கண்ணுக்கே தெரியும். பிள்ளை துள்ளும். அப்போது எறியக் கூடாது. தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமையில்தான் திறக்கும். அதற்கு முன்பு "பிடிச்சிட்டு விடுறன்தானே" என்றாலும் சட்டப்படி குற்றம். உங்கள் ஏரி எந்த வலயத்தில் இருக்கு, அந்த வருசத் திகதி என்ன, எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்று மாகாண அரசின் விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போங்கோ.

காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, அதுக்கு நல்லா விளங்கும். பாஸில் கூடு கட்டுவது தகப்பன். தாய் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன்தான் வாலால் தண்ணியை அசைத்து முட்டைகளுக்குக் காற்றுக் கொடுத்து, குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்சக் காலம் காவல் நிற்கும். கிங்ஸ்டனுக்கு வடக்கே ஒபினிகன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் இதை நீண்ட காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டில் நிற்கும் தகப்பனைத் தூண்டிலில் எடுத்தால், மற்ற மீன்கள் நிமிடக் கணக்கில் வந்து முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். என் மகள் இதைக் கேட்டுவிட்டு, மே மாதம் முழுக்க டொக்கில் நின்று ஒரு கூட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

அனுமதிப்பத்திரம்: ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்குத்தான் வாங்க வேணும். கனடாவில் வசிக்கும் பிள்ளைகளும் 65 தாண்டிய தாத்தா பாட்டிமாரும் வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை இருந்தால் காணும். தந்தையர் தின வார இறுதி மாதிரிக் குடும்ப மீன்பிடி நாட்களில் உங்களுக்கும் தேவையில்லை. குழம்பு வைக்க யோசித்தால், எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாணம் வெளியிடும் வழிகாட்டியைப் பாருங்கோ. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனிக் கணக்கு இருக்கு.

அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சிரிக்கட்டும். கம்பைக் கையில் குடுத்து, பேரப்பிள்ளை பதினைஞ்சு மட்டும் எண்ணுறதை அவர் கேட்கட்டும். பக்கெற்றில் பத்துப் புழு இருக்கும். பத்தும் கிழிந்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த மாதம்: தமிழ்ப் பள்ளி இல்லாத கோடையில் வாசிப்பை எப்படிக் கொண்டுபோவது.