கருப்புச் சுருள் மறைக்காத ஒளி

ஒளி படாத ஸ்லைடு ஃபிலிமைக் கழுவினால் அது முழுக் கருப்பாக வெளிவருவதும், அந்தக் கருமையை அகச்சிவப்புக் கதிர்கள் எளிதில் கடந்து செல்வதும், டிஜிட்டல் கேமராவுக்கு மலிவான வடிப்பான் ஒன்றைத் தந்திருக்கின்றன. ஒளி படாத பகுதி வண்ண நெகடிவில் வெளிறிய ஆரஞ்சு நிறமாக நிற்க, நேர்ப்படம் தரும் ஸ்லைடு ஃபிலிமில் அதுவே மிகக் கருமையாகிறது. இந்தக் கருமை கழுவிய பின்னரே தோன்றுவதால், கழுவாத சுருளை வெட்டி லென்சின்மேல் ஒட்டுவதால் பயனில்லை.

ஈ-6 எனப்படும் கழுவுமுறையின் முடிவில் ஃபிலிமிலிருந்த வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டு, மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய மூன்று சாயங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. இவை முறையே நீலம், பச்சை, சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் கண்ணுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் சுமார் 800 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள அலைகளைத் தடுக்கும் சாயம் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள்களே படமாகத் தங்கி அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் அது இதற்கு உதவாது.

சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை உணரக்கூடியது என்றாலும், நிறங்கள் பிறழாதிருக்க உற்பத்தியாளர்கள் அதன் முன்னே அகச்சிவப்புத் தடுப்பான் ஒன்றைப் பொருத்துகின்றனர். அதையும் மீறிக் கசியும் சிறிதளவு கதிரைக் கொண்டே படம் உருவாக வேண்டியிருப்பதால், நல்ல வெயிலிலும் சில விநாடிகள் ஒளி விட வேண்டும், முக்காலி கட்டாயமாகிறது. தொலைக்காட்சி ரிமோட்டின் முனை கேமராத் திரையில் ஒளிர்கிறதா என்று பார்த்தாலே அந்தக் கேமரா பயன்படுமா என்பது ஓரளவு விளங்கும்.

அவ்வாறு எடுத்த படத்தில் வானம் கருத்து, மரங்கள் வெளுத்துத் தோன்றும். இலையினுள் உயிரணுக்களும் காற்றிடைவெளிகளும் சந்திக்கும் பரப்புகள் அகச்சிவப்பைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதே அவ்வெண்மைக்குக் காரணம். 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயரால் இது வுட் விளைவு எனப்படுகிறது. ஃபிலிம் ஒளியைச் சற்றே சிதறடிப்பதால் கண்ணாடி வடிப்பானின் கூர்மையை இதில் எதிர்பார்க்க இயலாது. எனினும் சாயத்தின் இயல்பை இவ்வளவு தெளிவாகக் கண்முன் நிறுத்தும் பொருள் அரிது.

இதே இயல்பினால்தான் சூரிய கிரகணத்தை வண்ண ஃபிலிம் துண்டின் வழியே பார்ப்பது பேராபத்தாகிறது. கண் கூசாததால் பார்ப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நம்பி நெடுநேரம் நோக்க, தடையின்றிப் புகும் அகச்சிவப்பு விழித்திரையைச் சுடக்கூடும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால் அது அப்போது தெரிவதுமில்லை.