பட்டப் பெயர்

நியூஜிலாந்துக்காரரை "கிவி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலரும். பறக்கத் தெரியாத பறவையின் பெயர்தான். ஆனாலும் அதில் அவர்களுக்கு அத்தனை பெருமை!

"யாங்கி"யின் கதை வேறு. அமெரிக்கக் குடியேற்றக்காரர்களைப் பரிகாசம் செய்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாடிய பாட்டு, 'யாங்கி டூடில்'. 1775-ல் சண்டை மூண்டதும், பரிகாசத்துக்கு ஆளானவர்களே அதைத் தங்கள் பாட்டாக்கிக் கொண்டார்கள். 1978-ல் கனெக்டிகட் மாநிலம் அதை மாநில கீதமாகவே ஏற்றுக்கொண்டது!

அப்படியானால் எல்லாப் பட்டப் பெயரும் விளையாட்டுத்தானா? "பாக்" என்றால் தூய்மை. ஆனால் இங்கிலாந்தில் தெற்காசியக் குடும்பங்கள் "பாக்கி" என்ற சொல்லைக் கேட்டது வசவோடும் உதையோடும்தான். ராணுவத் தோழர் ஒருவரை இளவரசர் ஹாரி அப்படிக் குறிப்பிட்ட விஷயம் 2009-ல் வெளிவந்தது. கெட்ட எண்ணமில்லை, பட்டப் பெயராகத்தான் சொன்னார் என்று விளக்கம் தந்தார்கள். மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று.

சொல்லுகிறவருக்கு அது வெறும் வேடிக்கை. கேட்கிறவருக்கோ பழைய அடியெல்லாம் ஞாபகம் வருகிறது. ஆகவே, ஒருவர் தம்மை எப்படிச் சொல்லிக் கொள்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிறகு கூப்பிடலாம், அவசரம் ஒன்றுமில்லையே!