மாஸ்க் போடாதது அவன் தப்பாம்!

"மாஸ்க் குடுத்தோம் டாக்டர், இவங்கதான் போட மாட்டேங்கறாங்க." எந்த ஆலைக்குப் போனாலும் சேஃப்டி ஆபீசர் சொல்ற முதல் வசனம் இதுதான். நாமும் "விழிப்புணர்வு இல்லை"ன்னு தலையாட்டிட்டு வந்துடறோம். இதே வசனத்தை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டரம்மா உடைச்சுப் போட்டாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஆலிஸ் ஹாமில்டன். அமெரிக்கா. 1910ல் இல்லினாய் மாநிலம் தொழில்சார் நோய்களை ஆராய ஒரு கமிஷன் போட்டது. இவங்க கையில் எடுத்தது ஈய நச்சு. பெயின்ட் ஆலை, எனாமல் பூசுற பட்டறைன்னு எங்க பார்த்தாலும் வயித்து வலியில் துடிக்கறவங்க, மணிக்கட்டு தொங்கிப் போனவங்க.

அன்னைக்கு டாக்டர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "கை கழுவாம சாப்பிடறாங்க." அதாவது தொழிலாளி அழுக்கு, அதனால நோய். ஹாமில்டன் ஆலைக்குள்ள நின்னு பார்த்தாங்க. ஈயம் சோத்துல வரலை, மூச்சுல வருது. தூசியா, புகையா. கையைத் தேய்ச்சுக் கழுவினாலும் காத்தைக் கழுவ முடியுமா?

ஒரு பெரிய ஈய நிறுவனத்தின் துணைத் தலைவர் எட்வர்ட் கார்னிஷ், தன் ஆட்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அடிச்சுச் சொன்னார். இவங்க சண்டை போடலை. அவரோட ஆட்களிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன 22 பேரோட ரெக்கார்டைக் கொண்டு வந்து மேஜையில் வெச்சாங்க. மனுஷன் ஒத்துக்கிட்டு ஆலையையே மாத்தினார். (அப்படி மாறுற முதலாளி அபூர்வம்தான். ஆனா ரெக்கார்டு இல்லாம எவனும் மாற மாட்டான்.)

பிறகு மத்திய அரசுக்காக ஆலை ஆலையா போனப்போ, உள்ள நுழையறதுக்குச் சட்ட உரிமைகூட இல்லை. 1919ல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியர் ஆனாங்க. பட்டமளிப்பு ஊர்வலத்தில் வரக்கூடாது, ஆசிரியர் கிளப்பில் நுழையக்கூடாது. 1935ல் ரிட்டயர் ஆகும்போதும் உதவிப் பேராசிரியர்தான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. ஆலை வாசல்ல போர்டு: "விபத்தில்லா 500 நாட்கள்". லீடர்ஷிப் அவார்டு, சால்வை, போட்டோ. சிலிக்கோசிஸ் வர்றதுக்குப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள ஆள் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பான். அந்தச் சாவு எந்த போர்டில் ஏறும்?

மே மாச வெயில்ல, கிரஷர்ல, எட்டு மணி நேரம் மாஸ்க் கட்டிட்டு நீங்க ஜல்லி அள்ளுவீங்களா? அதுவும் அவங்க குடுக்கற துணி மாஸ்க் சிலிக்கா தூசியைத் தடுக்கவே தடுக்காது. மாஸ்க் கடைசி வழி சார். தண்ணி தெளிக்கறது, மெஷினை மூடறது, தூசியை உறிஞ்சி எடுக்கறது, இதெல்லாம்தான் முதல். ஆனா அதுக்குக் காசு ஆகும். பழியைத் தொழிலாளி மேல போட காசு ஆகாது.

சக டாக்டர்களே, கோபப்படாதீங்க. 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 89ஆம் பிரிவைப் படிச்சிருக்கீங்களா? அட்டவணையில் உள்ள தொழில்நோய் ஆலைத் தொழிலாளிக்கு இருக்குன்னு தோணினா, பார்க்கிற டாக்டர் தலைமை ஆய்வாளருக்குத் தகவல் அனுப்பணும்னு அது சொன்னது. அனுப்பலைன்னா 1000 ரூபாய் வரை அபராதம்னு இருந்தது. சர்வீஸ்ல எத்தனை அனுப்பியிருக்கீங்க? எனக்கு முதல் பத்து வருஷம் பூஜ்யம். கிரஷர்ல வேலை பார்த்த ஒருத்தருக்கு, சளியில் கிருமியே இல்லாம, ரெண்டு தடவை டிபி மாத்திரை எழுதினேன். என்ன வேலைன்னு கேட்டது மூணாவது தடவைதான்.

"ஓபியில் 150 பேர் நிக்கறாங்க, எங்க நேரம்?"னு கேப்பீங்க. என்ன தொழில்னு நோயாளிகிட்ட கேளுங்கன்னு இத்தாலியில் ரமாஸினி 1700லயே எழுதிட்டார். பத்து செகண்ட் ஆகும். நாளைக்கு ஓபி சீட்டில் வயசுக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்க. கூலின்னு மட்டும் எழுதாதீங்க, எதை உடைக்கிற கூலின்னு எழுதுங்க.