புதுசா எடுத்துடுங்க சார்

பழைய மலைச் சைக்கிள் வைத்திருப்பவன் எங்கே போனாலும் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க சார், புதுசா எடுத்துடுங்க." சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமில் சொல்வார்கள். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரன் சொல்வான். சங்கராபுரத்தில் சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போவார்: "ஐடியில வேலை பாக்கறவன் சைக்கிள மிதிச்சிக்னு போனா நாலு பேரு இன்னா நெனப்பான்? ஒரு பைக் எடுப்பா." மூன்று பேரும் ஒரே கட்சி. பழசு என்றால் கழித்துக்கட்ட வேண்டியது, அவ்வளவுதான்.

என் கட்சி வேறு. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மலைச் சைக்கிள் பத்தில் எட்டு புதியதால் மாற்றப்படத் தேவையில்லாதது. (இந்த 'பத்தில் எட்டு' ஆய்வு முடிவு இல்லை, என் வாய்த்துடுக்கு.) அதே அளவு உறுதியாக இன்னொன்றும் சொல்வேன். அந்தச் சைக்கிளில் நம் நண்பர்கள் 'அப்கிரேட்' என்ற பெயரில் செய்யும் காரியங்களில் பாதி வீண். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே வியாதி.

முதலில் அந்தக் கணக்கு. ரிப்பேர் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தொட்டால் தூக்கிப் போடு என்பது செல்போனுக்குச் சரியாக இருக்கலாம். போனில் போர்டு போனால் எல்லாம் போச்சு. சைக்கிள் அப்படிப்பட்ட பொருளே இல்லை. அதில் தேய்வதெல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை: செயின், பிரேக் கட்டை, டயர், டியூப், கேபிள், பால்ரஸ். புது சைக்கிள் வாங்கினாலும் அதே கிலோமீட்டரில் அதே செயின் தேயும், அதே டயர் வழுக்கையாகும். அப்படியிருக்க, இந்தச் செலவையெல்லாம் பழைய சைக்கிளின் பெயரில் மட்டும் பற்று எழுதுவது கள்ளக்கணக்கு. கடைக்காரர் நீட்டும் எட்டாயிரம் ரூபாய் எஸ்டிமேட்டில் செயின், டயர், கட்டை, கேபிள் நான்கையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அதுதான் பழசு என்பதற்காக நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. பெரும்பாலும் சிரிப்பு வரும்.

மென்பொருள் ஆட்களுக்கு இது தெரிந்த சண்டை. 2000ஆம் ஆண்டு ஜோயல் ஸ்போல்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். நெட்ஸ்கேப் தன் பழைய கோடைத் தூக்கி எறிந்துவிட்டு ஆதியிலிருந்து எழுதப் போனதைக் கிழித்துத் தொங்கவிட்ட கட்டுரை. அதைப் படித்துவிட்டு டீமில் தலையாட்டும் அதே ஆள்தான் சனிக்கிழமை சைக்கிள் கடையில் ஆதியிலிருந்து எழுதக் கிளம்புகிறான்.

மலைச் சைக்கிள் பிறந்த கதை இவர்களுக்கு மறந்துபோனது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எந்தக் கம்பெனியின் வரைபட மேசையிலும் அது பிறக்கவில்லை. 1970களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியின் டமால்பைஸ் மலைப் பக்கம் சில பையன்கள் 1930களிலும் 40களிலும் செய்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கினார்கள். தடித்த டயர், இரும்பு ஃபிரேம், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அதோடு மண் சரிவில் இறங்கினார்கள். 1976ல் போட்டியே நடத்தினார்கள். அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஒரு தடவை இறங்கியதும் பின் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். பிறகு மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர், கியர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு ஃபிரேம் செய்தது 1977ல். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது 1981ல். ஆக, இந்த வகைச் சைக்கிளே பழையதைத் தட்டிக்கொட்டி மாற்றியதில் உண்டானது. பழைய மலைச் சைக்கிளைத் தட்டிக்கொட்டாதே என்று அதை விற்பவர்கள் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

அடுத்து அவர்கள் எடுக்கும் ஆயுதம்: "சார், உங்க சைக்கிளுக்கு பார்ட்ஸ் வராது." இதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை உண்டாக்கியது யார் என்பதுதான் கேள்வி. முப்பது வருடம் மலைச் சைக்கிள் என்றால் 26 இன்ச் சக்கரம், ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பிறகு 29 வந்தது, 622. நடுவில் 27.5 என்று ஒன்று, 584. பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் லேசாகத் தாண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. பின் ஹப்பின் அகலத்துக்கு வருவோம். 135 மில்லிமீட்டர் இருந்தது. அது 142 ஆயிற்று. அப்புறம் 148 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறியியல் காரணம் சொன்னார்கள், காரணங்கள் பொய்யும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நேற்றைய சக்கரம் இன்றைய ஃபிரேமில் ஏறாமல் போனது. அந்த ஆறு மில்லிமீட்டர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எவர் வாழ்க்கையையும் மாற்றவில்லை, கடையில் ஸ்டாக்கை மட்டும் மாற்றியது.

பெடல் அச்சு உட்காரும் இடத்தின் கதை இன்னும் நல்ல கதை. 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. இதற்கு பி.எஸ்.ஏ. மரை என்று பெயர், பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயரில் வந்தது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் அந்த மூன்றெழுத்து நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். இந்த மரையைக் கழித்துவிட்டு, பேரிங்கை அழுத்தித் திணிக்கும் 'பிரஸ்ஃபிட்' முறைகளை வகைவகையாகக் கொண்டுவந்தார்கள். எடை குறையும், விறைப்பு கூடும் என்றார்கள். சைக்கிள்கள் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கின. இப்போது பெரிய கம்பெனிகள் பலவும் சத்தம் போடாமல் மரைக்கே திரும்பிவிட்டன. நடுவில் மாட்டிக்கொண்டு 'லேட்டஸ்ட்' வாங்கியவர்கள் பாவம். பழைய மரையோடு கிடந்தவனுக்கு நஷ்டமே இல்லை.

இனி ஏற்றம். இங்கே புது சைக்கிள்காரர்கள் மீசை முறுக்குவார்கள். கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முறுக்கலின் நியாயம் புரியும். "ஒன் பை ட்வெல்வ் இல்லாம எப்படி ஏறுவீங்க?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்னுடையது 26 இன்ச், முன்னால் மூன்று பல்சக்கரம், சிறியது 24 பல். பின்னால் ஏழு, பெரியது 28 பல். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.05 மீட்டர் ஓடும். ஆக, ஆகச் சிறிய கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 1.76 மீட்டர். இது ஏற்றத்துக்குக் கனம், ஒத்துக்கொள்கிறேன். புது 29 இன்ச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51 என்று வையுங்கள். சக்கரச் சுற்று சுமார் 2.3 மீட்டர். ஒரு மிதிக்கு 1.44 மீட்டர். வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இப்போது என் சைக்கிளின் பின் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 14லிருந்து 34 பல் வரை போகும் ஏழு கியர் ஃப்ரீவீல் ஒன்றைப் போடுகிறேன். 24ஐ 34ஆல் வகுத்து 2.05ஆல் பெருக்குங்கள். 1.45 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! இதற்கு ஆகும் செலவு புது சைக்கிளின் விலையில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு முந்தைய பல்சக்கரம் 24, அதிலிருந்து 34க்கு ஒரேயடியாகத் தாவும்போது கால் திடுக்கிடும். பின் டீரெயிலர் 34 பல்லைத் தாங்கும் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மரை போட்டு ஏற்றும் ஃப்ரீவீலில் பின் அச்சு வளையும் வியாதி இருக்கிறது, கனமான ஆட்களுக்கு அது தொல்லைதான். இருக்கட்டும். ஏற்றம் ஏற முடியாது என்ற பேச்சு இங்கேயே முடிந்தது.

எடையும் இதே லட்சணம்தான். ஆள் 70 கிலோ, பழைய சைக்கிள் 16, மொத்தம் 86. நல்ல காசு கொடுத்து 12 கிலோ சைக்கிள் வாங்கினால் மொத்தம் 82. செங்குத்தான ஏற்றத்தில் உழைப்பு மொத்த எடையோடுதான் கூடிக் குறையும், ஆகவே மிச்சம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. வெள்ளிமலைக்கு மூன்று நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்து என்ன செய்யப் போகிறோம்? டீக்கடையில் பால் காயும்வரை காத்திருக்கலாம். ரேஸ் ஓட்டுபவனுக்கு மூன்று நிமிஷம் உயிர், அவன் வாங்கட்டும். நம்மில் ரேஸ் ஓட்டுபவன் எத்தனை பேர்?

அப்கிரேட் கோஷ்டிக்கு வருகிறேன். இவர்கள் புதுசு வாங்கமாட்டார்கள், பழசையே புதுசாக்குவார்கள். முதலில் கை வைப்பது முன் ஃபோர்க்கில். 80 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்காகச் செய்த ஃபிரேமில் 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கை ஏற்றுவார்கள். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் திரும்புவது மந்தமாகும், ஃபிரேமின் கழுத்தில் அது கணக்கு வைக்காத பாரம் விழும். போதாததற்கு, 26 இன்ச்சுக்கு நல்ல ஃபோர்க் கிடைப்பதே இன்று அபூர்வம், கிடைத்தால் சைக்கிளின் இன்றைய மதிப்பைவிட விலை அதிகம். அடுத்து கலர் கலரான அலுமினிய பெடல், கார்பன் ஹேண்டில். மிதிக்கிற ஆளின் கால் மூன்று மாதமாக சைக்கிளைத் தொட்டிருக்காது. வாங்குவதன் சுகம் வேறு, ஓட்டுவதன் சுகம் வேறு. புதுசு வாங்கு என்பவனும் பாகம் வாங்கு என்பவனும் முதல் சுகத்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

கையில் காசு இருந்தால் போட வேண்டிய இடம் டயர். நல்ல ரப்பர், சாலைக்கேற்ற பட்டன். கரும்பு சீசனில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு போகும் சாலைகளில் ஓட்டிப் பார்த்தால் டயரின் அருமை தெரியும், நசுங்கிய கரும்பின் மேல் வழுக்காதது கிடையாது. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 26 இன்ச் என்று கேட்டால் சைஸ் ஒன்றுதானே என்று 26 x 1 3/8 டயரை எடுத்து நீட்டுவார்கள். அது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது, 559ல் உட்காரவே உட்காராது. டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். செயினுக்குப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். 24 இணைப்பு புதிதில் சரியாக 12 இன்ச். பதினாறில் ஒரு பங்கு இன்ச் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பின் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

மாற்றியே ஆக வேண்டிய இடம் எது? இதில் நான் ஈவிரக்கம் பார்க்கமாட்டேன். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் ஓரம் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றோடு அந்த ஃபிரேம் முடிந்தது, பற்றவைத்து ஓட்ட நினைப்பது முட்டாள்தனம். சைக்கிள் உங்கள் உயரத்துக்கு ஒத்துவரவில்லை என்றாலும் மாற்றிவிடுங்கள், எந்தப் பாகமும் அதைச் சரிசெய்யாது. மூன்றாவது, இறக்கத்து பிரேக். 86 கிலோ 500 மீட்டர் கீழே இறங்கும்போது விடும் சக்தி நானூறு கிலோஜூலுக்கு மேல். சாதாரணத் தண்ணீர் ஒன்றரை லிட்டரை கொதிநிலை வரை கொண்டுபோகிற அளவு அது. கொஞ்சம் காற்றுக்குப் போகும், மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில்தான் போயாக வேண்டும். ரிம்மைக் கவ்வும் வி-பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்கு ஏறும், கட்டையோடு சேர்ந்து ரிம்மும் தேயும். ரிம்மின் பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள், குழிந்திருந்தால் ரிம்மை மாற்றுங்கள். காய்ந்த சாலைக்கு நல்ல கட்டை போட்ட வி-பிரேக் போதும். மழைக்காலத்தில் அடிக்கடி மலை இறங்குபவர்கள் டிஸ்க் பிரேக் வைத்துக்கொள்வதே நியாயம். ஃபிரேமில் டிஸ்க் மாட்ட இடமே இல்லையென்றால், ஆமாம், அப்போது புதுசு எடுங்கள். உயிர் விஷயத்தில் பழைய பொருள் பாசம் காட்டுவதில் அர்த்தமில்லை.

ஆனால் எங்கே ரிப்பேர் செய்வீர்கள் என்பதையும் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்தால் எடுத்துவிட சங்கராபுரத்தில் நான் விசாரித்த கடை எதிலும் ஆளில்லை. சக்கரக் கோட்டம் எடுக்க ஆள் இருக்கிறார். அவர் கடை அநேகமாகப் பள்ளிப் பிள்ளைகளை நம்பி ஓடுகிறது. 2001-02ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக்கு வரும் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் இல்லாவிட்டால் இந்த மாதிரி ஊர்களில் பல கடைகள் எப்போதோ இருசக்கர வாகனப் பஞ்சர் கடைகளாகியிருக்கும். அந்தச் சைக்கிளுக்கும் என் சைக்கிளுக்கும் ஒரே பால்ரஸ் டப்பாதான், ஒரே கிரீஸ்தான். நான் 148 மில்லிமீட்டர் ஹப்பும் பன்னிரண்டு கியரும் வாங்கிவந்தால் இவரிடம் போக மாட்டேன், போனாலும் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளம் வாங்கும் நாலு பேர் இப்படி விலகினால் கடையில் மிச்சம் இருப்பது பள்ளிப் பிள்ளைகளின் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும்தான். கடை மூடினால் வேறு ஊருக்கு வண்டியைத் தூக்கிப்போக என்னிடம் கார் இருக்கிறது. மலையடிவாரத்து ஊரிலிருந்து பள்ளிக்கு மிதித்துவரும் பெண்ணிடம் இல்லை.

புதுசு வாங்கினால்தானே தொழில் வாழும் என்பார்கள். 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, சாஹிபாபாத்தில் அட்லஸ் கம்பெனி தன் ஆலையை நிறுத்தித் தொழிலாளர்களை வேலையிலிருந்து விலக்கியது. நாம் பழசைத் தேய்த்து ஓட்டியதால் அது நின்றது என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

என் பின் ரிம் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் போலிருக்கிறது. 559 ரிம், 36 ஓட்டை, இரட்டைச் சுவர். கடைக்காரர் விழுப்புரத்தில் சொல்லி வைத்திருக்கிறார். "ரெண்டா எடுத்து வைக்கட்டா சார்? அப்புறம் வராது." வைங்கண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.